நாலு திருகாணி

குளியலறைக் கதவின் கொண்டியை
நான்தான் கழற்றினேன்.
விடியப்புறம் மூன்று மணி. கொட்டாஞ்சேனை உறங்கவில்லை.
துறைமுகத்தில் எதையோ இறக்கிக்கொண்டிருந்தார்கள்,
இரும்பின்மேல் இரும்பு வைக்கிற சத்தம்.
இருபத்தாறு வருசம் வயர் இழுத்தவன்,
ஊரார் வீட்டுச் சுவரெல்லாம் துளைத்தவன்,
இந்த நாலு திருகாணிக்குக் கை நடுங்கிற்று.

ஜெனிற்றா கட்டிலில் இருந்து பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
கேட்டுப் பார்த்தாயிற்று, முதல் கிழமை முழுக்க:
ஏன் பிள்ளை, என்ன குறை, ஆர் என்ன சொன்னது,
சோதனையோ, பெடியனோ.
ஒவ்வொரு கேள்வியும் டெஸ்டர் மாதிரி,
எங்கே வைத்தாலும் எரியவில்லை.
லைன் செத்துக் கிடக்கிறதென்று நினைத்தேன்.
பிழை டெஸ்டரில் என்று
தாய்க்காரிதான் சொன்னாள்.

பெரியாஸ்பத்திரி. எழுபத்தொன்றாம் இலக்கத் துண்டு.
வாங்கில் பக்கத்தில் இருந்த மனிதர்
மகனின் செருப்பை மடியில் வைத்திருந்தார்.
டொக்டர் இளம் பெண். சிங்களத்தில்
மெதுவாகத்தான் கேட்டார்.
என்னைவிட வடிவாய்ச் சிங்களம் கதைக்கிறவள் என் மகள்;
அன்றைக்கு அவளிடம் தமிழ் மட்டும் மிஞ்சியிருந்தது,
அதிலும் ஒரேயொரு வசனம்.
அதை நான் என் வாயால்
அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டியிருந்தது.

எனக்குத் தெரிந்த சிங்களம்:
பியூஸ் போச்சு, சாமான் விலை கூடிப்போச்சு,
நாளைக்கு வாறன் மாத்தயா.
அதை வைத்துக்கொண்டு
என் பிள்ளைக்கு இருக்க விருப்பமில்லையாம் என்று
எப்படிச் சொல்வது?
விருப்பத்துக்குச் சொல் வரவில்லை.
நாளைக்கு மட்டும் வந்தது.
ஹெட்ட எப்பா, என்றேன்.
இவளுக்கு நாளை வேண்டாமாம்.
டொக்டர் பேனையை மூடி வைத்துவிட்டு
கதிரையை மகளின் பக்கம் இழுத்தார்.

குளிசை இரண்டு வகை.
அவை என் ஆயுதப்பெட்டிக்குள், பூட்டோடு.
தாயும் நானும் முறை வைத்து முழித்திருந்தோம்.
சர்ச்சில் கேட்டவர்களுக்குக் காய்ச்சல் என்றேன்.
ஒரு ஞாயிறு, பொய் அலுத்துப்போய்,
மேல்மாடி பெர்னாண்டோ மிஸ்ஸிடம் உள்ளதைச் சொன்னேன்.
அவ வாயைப் பொத்தவில்லை, செபமாலையைத் தேடவில்லை.
"பின்னேரம் நான் வந்து இருக்கிறன்,
நீங்க ரெண்டு பேரும் படுங்கோ."
வந்தா. ஒரு கதையுமில்லை.
எங்கள் மேசையில் இருந்து விடைத்தாள் திருத்தினா.
மகள் எதிரே இருந்து
சிவப்புப் பேனை போகிற இடமெல்லாம் பார்த்தாள்.

நல்லாகிவிட்டாள் என்று சொல்ல ஆசை.
செவ்வாய் தலையிழுக்கச் சீப்பை எடுத்தவள்
பாதியில் வைத்துவிட்டாள்.
புதன் மாலுபான் வாங்கிவந்தேன்,
உறைப்புக் காணாதென்றாள்.
ஐயோ, அந்தக் குறையை
ஏணியில் ஏறும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்,
காணாதாம், உறைப்புக் காணாதாம்.

நேற்றிரவு கரண்ட் இல்லாத நேரம்
"அப்பா, அந்தக் கொண்டி எங்க?"
இருக்கு பிள்ளை. பாம் டப்பாவுக்குள்ள ஆணியும் இருக்கு.
பூட்டட்டோ என்று வாய்வரைக்கும் வந்தது.
பொறுத்தேன்.
"இப்ப வேண்டாம்," என்றாள். "வச்சிருங்கோ."

பிறகு குளிக்கப் போனாள்.
கொண்டியில்லாக் கதவு ஒரு விரல் திறந்தே நிற்கும்,
அதுக்குள்ளால் தண்ணீர் விழுகிற சத்தம்.
வெளியே நிலத்தில் இருந்து
இருட்டில் டப்பாவைத் திறந்து
விரலால் எண்ணினேன்.
மூன்றுதான் இருக்கிறது.
நாளைக்கு குவாரி றோட்டில்
ஒன்று வாங்கவேண்டும்.